பட்டினப்பாக்கம் சேட்டுவின் பாட்டு

பாட்டுப்படி பார்த்தால் சேட்டு செத்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. கடற்கரை மணலில் போலீஸ் சுட்டது, அலை வந்து காலைக் கழுவியது, குப்பத்துப் பெண்களெல்லாம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள் என்று கடைசிச் சரணம் சொல்லும். நிஜத்தில் சேட்டு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக் குடோனில் புடவை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஐம்பத்து மூன்று வயது. இடது முழங்காலில் அவ்வப்போது நீர் கோத்துக்கொள்ளும். அப்போது மட்டும் மூட்டையைத் தலைக்கு ஏற்றாமல் தரையோடு இழுத்துப் போவான்.

கடையில் அவனுக்கு சேட்டு என்று பெயர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எழுதிய ஏழுமலை என்ற பெயரைத்தான் கொடுத்திருந்தான். லாரி ஓட்டிய அப்துல் கய்யூம் என்ற பெரியவர், "தங்கமான ஆளு, வாய் பேசாது, வேலைதான் பேசும்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டுப் போனார். முதலாளி பொன்ராஜ் அண்ணாச்சி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பாட்டை சேட்டு முதன்முதலில் கேட்டது ஜெயிலில். உள்ளே வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. புதிதாக வந்த ஒருவன் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் தட்டிப் பாடினான்:

ஏழு பேரு எதிர்ல வந்தும் ஏறு போல நின்னான்,
பத்து அடி தள்ளி நின்னு பாத்துக்கடான்னு சொன்னான்.
கனகராஜு கத்தி ஓங்க காத்துகூட நின்னுச்சு,
சேட்டு கையி வேகத்துல நெஞ்சுக்கூடு பொளந்துச்சு.

பாதிப் பாட்டு வரைக்கும் யாரைப் பற்றியது என்று சேட்டுவுக்கு விளங்கவில்லை. பெயர் வந்ததும் உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. வெட்கப்படவேண்டிய இடத்தில் தனக்குச் சந்தோஷம் வந்தது என்பதை அவன் பிற்காலத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து சோற்று வரிசையில் அவனுக்கு முன்னால் யாரும் நுழையவில்லை. பீடி தானாக வந்தது. "அண்ணே, ஏழு பேரையா?" என்று கேட்பார்கள். அவன் பதில் சொல்லாமல் புகையை விடுவான். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பாட்டைக் கட்டியவன் தூபா. சின்ன வயதில் கடை கடையாகச் சாம்பிராணித் தூபம் போட்டுத் திரிந்ததால் வந்த பெயர். சாவு வீடுகளில் கானா பாடுவான். சேட்டுவை அவனுக்கு முகத்தளவில் தெரியும், அவ்வளவுதான். கதையில் ஏழு பேரைச் சேர்த்தது, ஒரு பெண்ணின் மானத்தைச் சேர்த்தது, கடைசியில் போலீஸ் துப்பாக்கியைச் சேர்த்தது எல்லாம் அவன் கைவேலை. "செத்தாத்தாண்ணே பாட்டு முடியும். உள்ள போயிட்டான்னு முடிச்சா எவன் அழுவான்?" என்று பிறகு ஒரு நாள் விளக்கினான்.

நடந்ததில் ஏழு பேர் இல்லை. பெண்ணும் இல்லை. கொலையென்று ஆகாமல் பத்து வருஷத் தீர்ப்பானது. எட்டு வருஷத்தில் வெளியே வந்தான் சேட்டு. வாசலுக்கு வெளியே பாட்டு அவனுக்கு முன்னால் போய்க் காத்திருந்தது. எண்ணூரில் ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். பேச்சு நல்லபடியாகத்தான் போனது. ஒரு கல்யாண ஊர்வலத்தில் பெண்ணின் அண்ணன் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை யாரென்று விசாரித்துத் தெரிந்துகொண்டான். அதோடு முறிந்தது. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை, அவனும் கேட்கவில்லை. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டான். தேர்தல் வந்தால், பிள்ளையார் ஊர்வலம் வந்தால், ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்வார்கள். ஏட்டு ஒருவர் ஒவ்வொரு தடவையும் ஒரே தமாஷைச் சொல்வார்: "இன்னாடா, நீதான் போலீசு சுட்டு செத்துட்டியே? ஆவி வந்து கையெழுத்துப் போடுதா?"

அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் வரவேண்டும்.

குத்துப்பட்டுச் செத்த கனகராஜின் மனைவி தேசம்மா நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்றாள். அந்தச் சாலை வழியாகப் பஸ் போகும்போதெல்லாம் சேட்டு மறுபக்க ஜன்னலில் உட்கார்ந்துகொள்வான். மறுபக்கம் இடமில்லையென்றால் நின்றுகொண்டு வருவான்.

போன வருஷம் ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தூபா வந்து நின்றான். இப்போது அவனுக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. கையில் நல்ல போன் இருந்தது.

"அண்ணே, மயிலாப்பூர்ல ஒரு மேடம் கீறாங்கோ. பிரெஞ்சு டீச்சரு. உன் பாட்டப் பத்தி எதுவோ பெருசா எழுதிகினு இருக்காங்கோ. நீ உசுரோட கீறேன்னு சொன்னேன், ஆடிப் போய்ட்டாங்கோ. ஒரு தபா வந்து பாத்துட்டுப் போயேன்."

"எதுக்குடா?"

"மருவாதியா பேசுறாங்கண்ணே. உன்னாண்ட எவன் மருவாதியா பேசினான் இது வரைக்கும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் சேட்டு கிளம்பினான்.

சித்திரக்குளத்துக்குப் பின்னால் மாடியில் வீடு. ஜானு மேடம் கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் சேட்டுவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். காபி கொண்டுவந்து வைத்தார். சேட்டு தம்ளரைத் தூக்கிக் குடிக்கலாமா, வாய் வைத்துக் குடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க உயிரோட இருக்கேள்னே எனக்குத் தெரியாது. முப்பது வருஷமா இதைத்தான் படிச்சிண்டிருக்கேன். பாரிஸ்ல அந்தக் காலத்துல ஒருத்தனைத் தலை வெட்டப்போறான்னா, அன்னிக்குக் காலம்பறயே அவன் மேல பாட்டு அச்சடிச்சு வித்துண்டிருப்பா. எல்லாருக்கும் தெரிஞ்ச மெட்டு. வார்த்தை மட்டும் புதுசு. கடைசியில அவன் மனசு திருந்தி, தாய்மார்களே உங்க குழந்தைகளை நன்னா வளருங்கோன்னு சொல்லிட்டுச் சாவான்."

"நெசமாவே அப்டி சொன்னானா மேடம்?"

"எங்க சொன்னான்? அவன் சாகறதுக்கு முன்னாடியே அச்சாயிடுமே."

சேட்டுவுக்குச் சிரிப்பு வந்தது. தூபாவைத் திரும்பிப் பார்த்தான். தூபா கூரையைப் பார்த்தான்.

அப்புறம் மேடம் சின்னச் சின்னப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். கரகரத்த குரலில் ஒரு பெண் பாடினாள். சந்துகளில் கத்தியோடு திரிந்த பையன்களைப் பற்றி, அவர்களை நம்பிக் காத்திருந்த பெண்களைப் பற்றி. பெரிய மனுஷர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, மதுக்கடையில் உட்கார்ந்து, பயந்து பயந்து ரசித்துவிட்டுப் போவார்களாம். இன்றைக்கும் ஊருக்கு வெளியே இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்புப் பையன்கள் அதையேதான் வேறு தாளத்தில் பாடுகிறார்களாம். மேடம் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். சொல்லும்போது அவர் கண் பளபளத்தது.

சேட்டு கவனமாகக் கேட்டான். இந்த ஊர் எங்கே, அந்த ஊர் எங்கே. எல்லாம் தூபா பாடுவதுபோலத்தான் இருந்தது. ஒன்று மட்டும் கேட்டான்.

"குத்துப்பட்டவனுக்குப் பொண்டாட்டி புள்ள இருந்துச்சா மேடம்? அது பாட்டுல வருதா?"

ஜானு மேடம் கொஞ்சம் யோசித்தார். "பழைய பாட்டுல அவன் எப்படிச் செத்தான்னு ரத்தம் சொட்டச் சொட்ட இருக்கும். எப்படி இருந்தான்னு இருக்காது" என்றார். சொல்லிவிட்டு நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

அடையாறில் ஒரு சின்ன அரங்கில் நிகழ்ச்சி. பிரெஞ்சுப் பாட்டுகளை மேடமே தமிழில் பாடுவார். கடைசியில் தூபா சேட்டுவின் பாட்டைப் பாடுவான். சேட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். "இஷ்டமிருந்தா, நிஜமா நடந்தது என்னன்னு நாலு வார்த்தை சொல்லலாம். இல்லேன்னா வேண்டாம். கட்டாயமே இல்லை" என்றார்.

சேட்டு பத்து நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தான். இருபத்தேழு வருஷத்தில் போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டது, ஜட்ஜ் கேட்டது. நீ சொல்லு என்று ஒருவர் காபி வைத்துக் கேட்டதில்லை. ஒரு தடவை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் பாட்டு செத்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. தேசம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றும் தோன்றாமல் இல்லை. நொச்சிக்குப்பம் நிறுத்தத்தில் ஒரு நாள் இறங்கக்கூடச் செய்தான். அவள் கூடைக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. அரங்கில் நூறு பேர் இருந்திருப்பார்கள். தூபா பாடி முடித்தபோது பருத்திப் புடவைக்காரப் பெண்மணிகள்கூடத் தொடையில் தாளம் போட்டார்கள். ஜானு மேடம் சேட்டுவைப் பார்த்தார். சேட்டு எழுந்து மேடைக்குப் போனான். அக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை. மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று தெரியாமல் வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டான்.

"ஏழு பேரெல்லாம் வரல. கனகராஜு ஒருத்தன்தான். என் பிரண்டு. அவன் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டினது நானு. மத்தியானத்துல கேரம் ஆடிகினு இருந்தோம். ரெண்டு பேரும் குடிச்சிருந்தோம். அவன் ஜெயிச்சுட்டான். ஜெயிச்சுட்டு என் தலையில தட்டி, போடா, போய்ப் பாப்பா வெளாட்டு வெளாடுன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. பக்கத்துல மீன் அறுக்குற கத்தி கெடந்துச்சு, எடுத்துட்டேன். அவன் கையில ஒண்ணும் இல்ல. கத்தியப் பாத்ததும் ஓடுனான். தொரத்தினு போனேன். மணல்ல செருப்பு மாட்டிகினு படகாண்ட முட்டி போட்டு வுழுந்தான். டேய் சேட்டு, வெளாட்டுக்குடான்னான். முதுகுல குத்துனேன்."

மைக்கிலிருந்து வாயை எடுத்தான். பிறகு நினைவு வந்தவன்போல மறுபடி வைத்து, "அவ்ளோதான். பாட்டுல நெஞ்சுன்னு வருது. நெஞ்சு இல்ல" என்றான்.

இப்போது யாராவது எழுந்து திட்டுவார்கள் என்று சேட்டு எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். கை தட்டினார். அவருக்குப் பின்னால் எல்லாரும் எழுந்து தட்டினார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்து, "என்ன ஒரு நேர்மை!" என்றார். சேட்டுவுக்கு அந்தக் கையை உடனே உருவிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. எப்படி உருவுவது என்று தெரியவில்லை.

யாரோ போனில் பிடித்திருந்தார்கள். மூன்றாம் நாள் அது வெளியே வந்தது. அதில் பந்தல் கட்டியது இல்லை, கேரம் இல்லை, வெளாட்டுக்குடா என்றது இல்லை. "ஓடுனான். தொரத்தினு போனேன். முதுகுல குத்துனேன்" என்ற துண்டு மட்டும். அடியில் தூபாவின் பாட்டுத் தாளத்தை யாரோ சேர்த்திருந்தான். ஒரே வாரத்தில் பையன்கள் அதற்கு ஆட ஆரம்பித்தார்கள். ஒருவன் ஓடுவான், இன்னொருவன் துரத்துவான், ஓடுகிறவன் முட்டி போட்டு விழுவான். பெசன்ட் நகர் கடற்கரையில் ஆடினார்கள், காலேஜ் வாசலில் ஆடினார்கள், கல்யாணத்தில் பொண்ணு மாப்பிள்ளைகூட ஆடினார்கள்.

பொன்ராஜ் அண்ணாச்சி கல்லாவுக்குக் கூப்பிட்டார். போன் அவர் கையில் இருந்தது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு சேட்டு நின்றான்.

"இது நீதானய்யா ஏழுமலை?"

"ஆமா அண்ணாச்சி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா." கொஞ்ச நேரம் போனையே பார்த்தார். "சரி, போவுது. தீவாளிக் கூட்டம் வருது. களவாணிப் பயலுவ தொல்லை தாங்கல. நாளைலேந்து நீ குடோனுக்குப் போவாண்டாம், வாசல்ல நில்லு. சும்மா நின்னாப் போதும். ஒன்னயப் பாத்தாலே ஒரு பய கிட்ட வரமாட்டான்."

ஆகவே சேட்டு வாசலில் நின்றான். நீல நிறத்தில் ஒரு சீருடை கொடுத்தார்கள். மூட்டை தூக்குவதைவிட லேசான வேலைதான். புடவை வாங்க வந்தவர்கள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் அவனை முறைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவனுக்கு முறைக்க வரவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். அதுவே போதும் என்றார்கள்.

ஐப்பசி பிறந்த முதல் புதன்கிழமை, மத்தியான நேரத்தில், கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு தேசம்மா வந்தாள். மீன் கூடையை யாரிடமோ விட்டுவிட்டு அப்படியே வந்திருந்தாள். முந்தானையில் செதில் ஒட்டியிருந்தது. சேட்டு கடைசியாக அவளைக் கிட்டத்தில் பார்த்தது கோர்ட்டில். அப்போது இடுப்பில் ஒரு வயசுப் பிள்ளை இருந்தது.

அவள் சத்தம் போடவில்லை.

"பாட்டுல எம்புருசன் ரவுடி. கத்திய ஓங்கினான்னு வரும். பொய்யி. அவனுக்கு மீனு அறுக்கவே கை நடுங்கும். ஆனா பாட்டுல நின்னான். எம்புள்ள அதக் கேட்டு வளந்தான். எங்கப்பன் சேட்டுவையே எதுத்து நின்னவன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிகினு திரிஞ்சான். நான் சும்மா இருந்துட்டேன். டாக்டரு முதுகுலதான் காயம்னு கோர்ட்டுல சொன்னது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இருபத்தியேழு வருசம் நான் வாயத் தொறக்கல. நீ எதுக்குத் தொறந்த?"

"தேசம்மா, நெசத்தச் சொன்னா…"

"யாருக்கு நெசம்? உன் மனசுல கீற பாரத்த எறக்கி எம்புள்ள தலையில வெச்சுட்டுப் போயிட்ட. மீன் புடிக்க லாஞ்சுல போறான், கூட போற பசங்க ஓடுடா ஓடுடான்றானுங்களாம். தை மாசம் கல்யாணம் வெச்சுகீது. பொண்ணு வூட்ல ஆடிக் காட்றானுங்க." அவள் மூச்சு வாங்கினாள். "ஒரு தபா முதுகுல குத்துனியே, போதாதா?"

சுற்றிலும் நின்றவர்களில் இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சேட்டு அவர்களுக்கும் தேசம்மாவுக்கும் நடுவில் போய் நின்று மறைத்தான். அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவள் வந்த வழியே போய்விட்டாள்.

அன்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு நேரே மயிலாப்பூர் போனான். ஜானு மேடம் கதவைத் திறந்ததும், "எனக்குத் தெரியும் சேட்டு, பாத்துண்டுதான் இருக்கேன்" என்றார். அவர் முகம் வாடித்தான் இருந்தது. அந்தத் துண்டை எடுக்கச் சொல்லி எங்கெங்கோ எழுதியிருந்தார். ஒன்றை எடுத்தால் பத்து முளைத்தது. சேட்டு நடந்ததைச் சொன்னான். தேசம்மா பேசியதை வார்த்தை பிசகாமல் சொன்னான். மேடம் தலையைக் குனிந்தபடி கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"அடுத்த மாசம் புதுச்சேரியில நிகழ்ச்சி இருக்கு. அவங்க வருவாளா? இப்ப சொன்னேளே, அதை அவங்க வாயால சொன்னா… இந்த மொத்தக் கதையிலயும் கேக்காத குரல் அதுதானே."

சேட்டு அவரைப் பார்த்தான். கெட்ட மனுஷி இல்லை. நிஜமாகவே நல்லது செய்யத்தான் கேட்கிறார்.

"அந்த ஊரு பாட்டுல செத்தவன் பொண்டாட்டிங்க யாரும் உங்க வாசல்ல வந்து கேட்டதில்லையா மேடம்?"

"நூறு வருஷம் ஆச்சே, சேட்டு."

"அதான் நிம்மதியா பாடறீங்க" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "தேசம்மாவாண்ட போய்டாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

படி இறங்கும்போது முழங்கால் வலித்தது. குளத்தங்கரைச் சுவரில் சற்று உட்கார்ந்தான். தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மை பேசியிருக்கிறோம், அதுவும் இப்படி ஆயிற்றே என்று நினைத்தான். பொய்க்காவது தேசம்மாவின் பிள்ளை தலைநிமிர்ந்து நடந்தான்.

மறுநாள் தூபாவைத் தேடிப் போனான்.

"கனகராஜு எதுத்து நின்னான்னு ஒரு பாட்டு கட்டுடா. நான் கோழை, அவன் நின்னான்னு."

தூபா உதட்டைப் பிதுக்கினான். "எடுபடாதுண்ணே. நீயே மைக்கப் புடிச்சு ஓடுனான்னு சொல்லிட்ட. இப்ப நான் நின்னான்னு பாடினா என்னியத்தான் சிரிப்பான்."

"அப்ப நானே சொல்றேன். போன எடு."

படகுகளுக்குப் பக்கத்தில் நின்று தூபா போனைப் பிடித்தான். சேட்டு இந்தத் தடவை தடுமாறவில்லை. "அடையாறுல நான் சொன்னது பொய்யி. பேருக்காகச் சொன்னேன். கனகராஜு ஓடல. கையில ஒண்ணும் இல்லாம எம்முன்னாடி நின்னான். குத்துறதுன்னா குத்துடான்னான். நெஞ்சுலதான் குத்துனேன். அவன் நின்னான்." சொல்லச் சொல்ல அது அவனுக்கே கண்ணில் தெரிந்தது. மணலில் நிற்கிற கனகராஜ். எத்தனை நாள் சொன்னால் நம்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தான்.

அந்த வீடியோவை நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள். அடியில் இரண்டே பேர் எழுதியிருந்தார்கள். ஒருவன், போலீசுக்குப் பயந்துவிட்டான் என்று எழுதியிருந்தான். இன்னொருவன், பழைய வீடியோதான் சூப்பர் என்று.

ஒரு வாரம் கழித்துத் தூபா கடை வாசலுக்கு வந்தான். தேசம்மாவிடம் போனைக் கொடுத்துக் காட்டினானாம்.

"இன்னா சொன்னா?"

"முழுசாப் பாத்தாங்கண்ணே. ஒண்ணும் சொல்லல. போனத் திருப்பிக் குடுத்துட்டு மீன் அறுக்கப் போய்ட்டாங்கோ."

சேட்டு இன்னும் ஏதாவது கேட்க நினைத்தான். அதற்குள் ஒரு குடும்பம் பக்கத்தில் வந்து நின்றது. அப்பா, அம்மா, இரண்டு பெண்கள், கை நிறையப் பைகள். அப்பா போனை நீட்டிப் பிடித்து, "அண்ணே, கொஞ்சம் மொறைங்கண்ணே" என்றார்.

தூபா ஓரமாக ஒதுங்கிக்கொண்டான். சேட்டு அவர்களுக்கு நடுவில் போய் நின்றான்.